பிளஸ் ஒன் மேத்ஸ்: பயமா, பலமா? குரூப் எடுப்பது முதல் எக்ஸாம் ஹால் வரை ஒரு ஃபுல் கைடு!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி, 'எவ்ளோ மார்க்?'. இரண்டாவது கேள்வி, 'என்ன குரூப் எடுக்கப்போற?'. முதல் கேள்விக்கான பதில் மொபைலுக்கே வந்துவிடும். இரண்டாவதுக்குத்தான் ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். 'மேத்ஸ் எடுத்துட்டா எந்தப் பக்கம் வேணும்னாலும் போயிடலாம்' என்பார் அத்தை. 'பிளஸ் ஒன் மேத்ஸா... செத்த போ!' என்பார் எதிர்வீட்டு அண்ணன். ரெண்டு பேர் சொல்வதுமே பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

எந்த குரூப்பில் எந்த மேத்ஸ்?

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் மேத்ஸ் இரண்டு வடிவங்களில் வருகிறது. இயற்பியல், வேதியியலோடு சேர்ந்து வரும் 'கணிதம்' ஒன்று. நான்காவது பாடமாக உயிரியல் எடுத்தால் அது பயோ மேத்ஸ்; கணினி அறிவியல் எடுத்தால் கம்ப்யூட்டர் மேத்ஸ். காமர்ஸ் பக்கம் வருவது 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்'. சி.பி.எஸ்.இ-யிலும் இதேபோல வழக்கமான மேத்தமேட்டிக்ஸோடு, 2020-21 முதல் 'அப்ளைடு மேத்தமேட்டிக்ஸ்' என்ற தனிப் பாடமும் இருக்கிறது.

பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பலர் குழம்பிவிடுகிறார்கள். இன்ஜினீயரிங் கனவு இருந்தால் இயற்பியல், வேதியியலோடு வரும் அந்த முதல் 'கணிதம்'தான் வேண்டும். டாக்டர் கனவு மட்டும்தான் என்றால் நீட் தேர்வில் மேத்ஸ் கிடையாது. உயிரியல் இருந்தால் போதும். 'ரெண்டும் இருக்கட்டுமே' என்று பயோ மேத்ஸ் எடுப்பவர்கள், அதற்குக் கொடுக்கும் விலை நேரம் என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். நான்கு கனமான பாடங்களையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டியிருக்கும்.

பத்தாவதில் 100 வாங்கியவருக்கும் ஏன் முட்டுகிறது?

பிளஸ் ஒன் சேர்ந்து முதல் மாதத் தேர்வில் முப்பது, நாற்பது மார்க் வந்ததும், 'நமக்கு மேத்ஸ் வராது போல' என்று முடிவுகட்டிவிடுபவர்கள் ஏராளம். வராமல் போனதற்குக் காரணம் அறிவு குறைந்துவிட்டது என்பதில்லை. கேள்வியின் குணமே மாறிவிட்டது.

பத்தாம் வகுப்பு வரை பெரும்பாலான கணக்குகளில் எந்த ஃபார்முலா என்று கண்டுபிடித்து, எண்களைப் போட்டால் விடை வந்துவிடும். பிளஸ் ஒன்னில் முதல் பாடமே கணங்கள், தொடர்புகள், சார்புகள். இங்கே 'விடை என்ன?' என்பதைவிட, 'இந்த விதி எந்தெந்த எண்களுக்குப் பொருந்தும், ஏன் பொருந்தும்?' என்பதுதான் கேள்வி. அதுவரை யாரும் கேட்காத கேள்வி என்பதால் தலை சுற்றுவது இயல்பு.

பெரிய தடுப்புச்சுவர் நுண்கணிதம், அதாவது கால்குலஸ். அதன் மொத்த ஐடியாவையும் ஒரு கல்லை வைத்தே புரிந்துகொள்ளலாம். உயரமான மாடியிலிருந்து ஒரு கல்லைக் கீழே விடுகிறோம். காற்றுத் தடையைக் கண்டுகொள்ளாமல் விட்டால், நேரத்தின் வர்க்கத்தை 5-ஆல் பெருக்கினால் கல் விழுந்த தூரம் ஏறக்குறைய மீட்டரில் கிடைக்கும். 1 நொடியில் 5 மீட்டர், 2 நொடியில் 20 மீட்டர். இப்போது கேள்வி: சரியாக 1-வது நொடியில் கல்லின் வேகம் என்ன?

1-வது நொடியிலிருந்து 2-வது நொடி வரை கணக்குப் போட்டால் சராசரி வேகம் நொடிக்கு 15 மீட்டர். 1 முதல் 1.1 வரை மட்டும் பார்த்தால் 10.5. 1 முதல் 1.01 வரை என்றால் 10.05. 1 முதல் 1.001 வரை என்றால் 10.005. இடைவெளி சுருங்கச் சுருங்க விடை 10-ஐ நோக்கி ஓடுகிறது. ஆனால், இடைவெளியை நேராகப் பூஜ்யம் ஆக்கினால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கும் சிக்கல் வந்துவிடும். அந்தச் சிக்கலில் மாட்டாமல், எதை நோக்கிப் போகிறது என்று பார்த்து 10 என்று சொல்வதுதான் 'எல்லை'. அப்படி ஒரு கணத்தின் வேகத்தைக் கண்டுபிடிப்பதுதான் 'வகையிடல்'. 'அடுக்கை முன்னால் கொண்டுவா, ஒன்றைக் குறை' என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்த விதி இந்த நீண்ட கணக்கின் ஷார்ட்கட்.

இதையே ரிவர்ஸில் ஓட்டினால் 'தொகையிடல்'. வேகம் தெரிந்தால் தூரத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆனால், கல் எந்த மாடியிலிருந்து விழுந்தது என்பதை வேகம் மட்டும் சொல்லாது. அந்தத் தெரியாத ஆரம்ப இடத்துக்காகத்தான் கடைசியில் 'கூட்டல் சி' என்று ஒரு மாறிலியைப் போடுகிறோம். 'சி போடலைனா அரை மார்க் கட்' என்று பயந்து போடுவதற்கும், இது தெரிந்து போடுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

பிளஸ் ஒன்னைத் தாண்டிக் குதித்தால்...

பல தனியார் பள்ளிகளில் ஒரு பழக்கம் ரொம்ப நாளாகவே உண்டு. பிளஸ் ஒன் பாடத்தைப் பெயருக்கு நடத்திவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டுவது. இதைத் தடுக்கவும்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2025-26 முதல் அந்தப் பொதுத் தேர்வு கைவிடப்பட்டிருக்கிறது. மாணவர்களுக்கு ஒரு பெரிய டென்ஷன் குறைந்தது நிஜம். கூடவே, 'அப்போ பிளஸ் ஒன் பாடம் எதுக்கு?' என்ற பழைய எண்ணமும் திரும்பி வரலாம். மேத்ஸைப் பொறுத்தவரை இது தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் வேட்டு.

பிளஸ் டூ மேத்ஸில் மொத்தம் 12 பாடங்கள். அவற்றில் ஒன்பது, நேரடியாகப் பிளஸ் ஒன் பாடங்களின் தோளில் ஏறி நிற்பவை. எது எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள்.

பிளஸ் ஒன் அணிகளும் அணிக்கோவைகளும் தெரிந்தால்தான் பிளஸ் டூ முதல் பாடமான அணிகளின் பயன்பாடுகள் நகரும்.

பிளஸ் ஒன் முக்கோணவியல் இல்லாமல் நேர்மாறு முக்கோணவியல் சார்புகள் இல்லை. கலப்பு எண்களின் பாதியும் அதை நம்பித்தான் இருக்கிறது.

பிளஸ் ஒன் பகுமுறை வடிவியலில் நேர்கோடு வசப்பட்டால், பிளஸ் டூவில் வட்டம், பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம் வசப்படும்.

பிளஸ் ஒன் வெக்டர் இயற்கணிதம், பிளஸ் டூ வெக்டருக்கு அஸ்திவாரம்.

பிளஸ் ஒன்னின் எல்லை, வகையிடல், தொகையிடல் ஆகிய மூன்று பாடங்கள், பிளஸ் டூவின் 7, 8, 9, 10 ஆகிய நான்கு பாடங்களைத் தாங்குகின்றன.

பிளஸ் ஒன் நிகழ்தகவு, பிளஸ் டூ நிகழ்தகவுப் பரவல்களுக்கு வாசல்.

ஏற்கெனவே பிளஸ் டூ வந்துவிட்டீர்கள், பிளஸ் ஒன்னில் கோட்டை விட்டாச்சு என்றால்? எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க நேரம் இருக்காது. முக்கோணவியல் சூத்திரங்கள், வகையிடல் விதிகள், தொகையிடல் முறைகள் ஆகிய மூன்றை மட்டும் மூன்று வாரத்தில் முடித்துவிடுங்கள். பிளஸ் டூ புத்தகத்தின் பெரும்பகுதி அதற்குப் பிறகு கண்ணுக்குப் பழகிய முகமாகத் தெரியும்.

கேள்வித்தாளுக்குள் ஒரு கணக்கு!

மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ மேத்ஸுக்கு மொத்தம் 100 மார்க். அதில் 10 அகமதிப்பீடு, 90 எழுத்துத் தேர்வு. அந்த 90 இப்படிப் பிரிகிறது.

ஒரு மார்க் கேள்விகள் 20. எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டும்: 20 மார்க்.

இரண்டு மார்க் கேள்விகள் 10. ஏழுக்கு எழுத வேண்டும். 30-வது கேள்வி கட்டாயம்: 14 மார்க்.

மூன்று மார்க் கேள்விகள் 10. ஏழுக்கு எழுத வேண்டும். 40-வது கேள்வி கட்டாயம்: 21 மார்க்.

ஐந்து மார்க் கேள்விகள் 7. ஒவ்வொன்றிலும் 'இது அல்லது அது' சாய்ஸ்: 35 மார்க்.

இப்போது பிளஸ் ஒன் சேர்ப்பியலைக் கொஞ்சம் வெளியே எடுங்கள். இரண்டு மார்க் பகுதியில் ஒன்று கட்டாயம் என்பதால், மீதி 9 கேள்விகளிலிருந்து 6-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு 84 வழிகள். மூன்று மார்க் பகுதிக்கும் அதே 84. ஐந்து மார்க்கில் ஏழு முறை 'இதுவா, அதுவா' என்றால் 128 வழிகள். மூன்றையும் பெருக்கினால் 9,03,168. ஆக, ஒரே கேள்வித்தாளை ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட விதங்களில் எழுதலாம். உங்களுக்குச் சாதகமான ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்கள் கையில். அதனால், கேள்வித்தாளைப் படிக்கக் கிடைக்கும் நேரத்தில் வேடிக்கை பார்க்காமல், எதை எழுதப்போகிறோம் என்று டிக் அடித்துவிடுங்கள். சாய்ஸே இல்லாத 30, 40-வது கேள்விகளை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

நேரக் கணக்கு இன்னும் எளிது. எழுத 180 நிமிடம், 90 மார்க். ஒரு மார்க்குக்கு 2 நிமிடம். ஒரு மார்க் பகுதியை 20 நிமிடத்திலும், இரண்டு மார்க் பகுதியை 30 நிமிடத்திலும், மூன்று மார்க் பகுதியை 45 நிமிடத்திலும், ஐந்து மார்க் பகுதியை 70 நிமிடத்திலும் முடித்தால் 165 நிமிடம் ஆகும். மீதி 15 நிமிடம் சரிபார்க்க. ஒரு கணக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். இடம் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுங்கள். போட்ட ஸ்டெப்புகளுக்கு மார்க் உண்டு. அதனால் விடை வரவில்லை என்று முழுவதையும் அடித்துவிடாதீர்கள்.

கட்-ஆஃபில் மேத்ஸின் வெயிட் எவ்வளவு?

தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. 2007-ல் அது முடிவுக்கு வந்தது. அன்றுமுதல் பிளஸ் டூ மார்க்தான் எல்லாம். கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. மேத்ஸ் மார்க் அப்படியே 100-க்கு எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு தலா 50-க்கு எடுத்துக்கொள்ளப்படும்.

உதாரணத்துக்கு, மேத்ஸ் 90, இயற்பியல் 80, வேதியியல் 80 என்றால் கட்-ஆஃப் 90 + 40 + 40 = 170. இதே ஆள் இயற்பியலில் 10 மார்க் கூடுதலாக வாங்கினால் 175. மேத்ஸில் 10 கூடுதலாக வாங்கினால் 180. அதாவது, மேத்ஸில் ஒரு மார்க் என்பது மற்ற இரண்டிலும் தலா ஒரு மார்க் வாங்குவதற்குச் சமம். இரண்டு பேர் ஒரே கட்-ஆஃபில் நின்றாலும், முதலில் பார்க்கப்படுவது மேத்ஸ் மார்க்தான்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்ஜினீயரிங் போன்ற தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 'காலேஜ் ஃபீஸுக்கு எங்க போறது' என்று மேத்ஸ் குரூப்பையே தவிர்க்கும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்வது ரொம்ப முக்கியம்.

ஜே.இ.இ எழுதணுமா?

என்.ஐ.டி, ஐ.ஐ.டி ஆசை இருந்தால் ஜே.இ.இ மெயின் எழுத வேண்டும். தமிழ் உட்பட 13 மொழிகளில் இந்தத் தேர்வு நடக்கிறது. 3 மணி நேரத்தில் 75 கேள்விகள், 300 மார்க். மேத்ஸுக்கு 25 கேள்விகள். சராசரியாக ஒரு கேள்விக்கு 2.4 நிமிடம்தான். பொதுத் தேர்வில் ஸ்டெப்புக்கு மார்க் கிடைக்கும். இங்கே விடைக்கு மட்டும்தான். பாடம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும் ஆட்டம் வேறு.

நெகட்டிவ் மார்க் பற்றிய பயத்தையும் நிகழ்தகவு வைத்தே தெளிந்துகொள்ளலாம். நான்கு ஆப்ஷன் கேள்வியில் சரியானால் 4, தவறானால் மைனஸ் 1. கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் சராசரியாகக் கிடைப்பது வெறும் கால் மார்க். இரண்டு ஆப்ஷன்களைத் தவறென்று நீக்கிவிட்டு அடித்தால் சராசரி ஒன்றரை மார்க். ஆக, எதுவுமே தெரியாத கேள்வியில் லாட்டரி அடிப்பது வீண். பாதி தெரிந்த கேள்வியில் துணிவது லாபம்.

எப்படிப் படிக்கிறது?

பார்ப்பது வேறு, போடுவது வேறு. டீச்சர் போர்டில் போடும்போது எல்லாமே புரிந்த மாதிரி இருக்கும். யூடியூப் வீடியோவும் அப்படித்தான். அன்றைக்கே, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அதே கணக்கை வெள்ளைத்தாளில் போட்டுப் பாருங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அங்கேதான் உங்கள் சந்தேகம் இருக்கிறது.

எடுத்துக்காட்டுக் கணக்கைத் தாண்டாதீர்கள். பயிற்சிக் கணக்குக்கு நேராகப் போவது பலரின் பழக்கம். முறையை முழுசாகச் சொல்லிக்கொடுப்பது எடுத்துக்காட்டுகள்தான். விடையை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, வரி வரியாக இறக்கிப் பாருங்கள்.

தப்பு நோட்டு ஒன்று போடுங்கள். எந்தக் கணக்கில் தப்பு, என்ன தப்பு, சரியான ஸ்டெப் எது... மூன்றே வரிகள். தேர்வுக்கு முந்தைய நாள் 400 பக்கப் புத்தகத்தைப் புரட்டுவதைவிட இந்த 20 பக்க நோட்டு அதிகம் காப்பாற்றும்.

தினமும் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழு மணி நேரம் உட்காருவது மேத்ஸுக்குச் சரிவராது. கை மறந்துவிடும். ஞாயிறன்று வேறு வேறு பாடங்களிலிருந்து பத்துக் கணக்குகளைக் கலந்து போடுங்கள். எந்த முறையில் போடுவது என்று கண்டுபிடிப்பதும் ஒரு திறமை. அது கலந்து போட்டால்தான் வரும்.

ஒரு மார்க் கேள்விகளை மனப்பாடம் செய்யாதீர்கள். புத்தகத்தின் ஒரு மார்க்குகளை விடையோடு உருப்போடுபவர்கள், ஓர் எண்ணை மாற்றிக் கேட்டால் மாட்டிக்கொள்வார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் காரணம் எழுதிப் பழகுங்கள்.

மார்க் நழுவும் ஐந்து இடங்கள்!

1. மைனஸ் 3-ஐ வர்க்கமாக்கி, வர்க்கமூலம் எடுத்தால் 3. திரும்ப மைனஸ் 3 வராது.

2. ஓர் எண்ணின் வர்க்கம் அதன் 5 மடங்குக்குச் சமம் என்றால், இரண்டு பக்கமும் அந்த எண்ணால் வகுத்து '5' என்று மட்டும் எழுதுவார்கள். பூஜ்யமும் ஒரு விடை. தெரியாத எண்ணால் வகுக்கும் முன், அது பூஜ்யமாக இருக்கலாமே என்று ஒரு நொடி யோசியுங்கள்.

3. சைன் 30 டிகிரியும் அரை, சைன் 150 டிகிரியும் அரை. ஆனால், 'சைன் இன்வெர்ஸ் அரை' என்று கேட்டால் விடை 30 டிகிரி மட்டுமே. முதன்மை மதிப்பு மைனஸ் 90-க்கும் 90-க்கும் இடையில்தான் இருக்க வேண்டும்.

4. லாக் 2-ஐயும் லாக் 3-ஐயும் கூட்டினால் லாக் 5 வராது. லாக் 6 வரும்.

5. அணிகளில் வரிசை முக்கியம். இரண்டு அணிகளின் பெருக்கலுக்கு நேர்மாறு எடுக்கும்போது வரிசை தலைகீழாகும். சாக்ஸ் மாட்டிய பிறகு ஷூ மாட்டுகிறோம். கழற்றும்போது ஷூதானே முதலில்?

'இதெல்லாம் நிஜ வாழ்க்கையில எங்க யூஸ் ஆகுது?'

எல்லா வகுப்பிலும் கடைசி பெஞ்சிலிருந்து வரும் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு செவ்வகத் தோட்டம் போட 40 மீட்டர் கம்பி வலை இருக்கிறது. சுவர் பக்கம் வலை வேண்டாம். மூன்று பக்கம் மட்டும் போதும். அதிக இடம் கிடைக்க எப்படி அடைப்பது? அகலம் 5 என்றால் நீளம் 30, பரப்பு 150 சதுர மீட்டர். அகலம் 15 என்றால் நீளம் 10, அப்போதும் 150. அகலம் 12 என்றால் 192. அகலம் 10, நீளம் 20 என்றால் 200. அதைத் தாண்டவே தாண்டாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்காமல் அந்த 10-ஐ இரண்டே வரியில் கண்டுபிடிப்பதுதான் பிளஸ் டூவின் பெருமம், சிறுமம் கணக்கு. தகர டின்னின் அளவைத் தீர்மானிப்பது முதல், செயற்கை நுண்ணறிவு மாடல்கள் தங்கள் பிழையைக் குறைத்துக்கொண்டே போவது வரை பின்னணியில் ஓடுவது இதே யோசனைதான். அந்த மாடல்களுக்குள் போய்ப் பார்த்தால் அணிகள், வெக்டர், நிகழ்தகவு, வகையிடல் என உங்கள் பாடப் புத்தகத்தின் பொருளடக்கமே உட்கார்ந்திருக்கும்.

தமிழ் மீடியமா? கவலை வேண்டாம்

பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும்போது, கணக்கு தெரிந்தும் வார்த்தை புரியாமல் முதல் செமஸ்டரில் தடுமாறுபவர்கள் உண்டு. அதற்கான மருந்தை இப்போதே எடுத்துக்கொள்ளலாம். சார்பு என்றால் ஃபங்ஷன். எல்லை என்றால் லிமிட். வகையிடல், டிஃபரென்ஷியேஷன். தொகையிடல், இன்டெக்ரேஷன். அணி, மேட்ரிக்ஸ். அணிக்கோவை, டிடெர்மினன்ட். கலப்பு எண், காம்ப்ளக்ஸ் நம்பர். நிகழ்தகவு, ப்ராபபிலிட்டி. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் இப்படிப் பத்து வார்த்தைகளை நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்தால், இரண்டு வருடத்தில் ஒரு குட்டி அகராதியே தயார். தமிழில் நன்றாகப் புரிந்த கணக்கு, ஆங்கிலத்தில் வார்த்தை மாறியதால் மறந்துபோகாது.

மொபைலை எதிரியாக்க வேண்டாம்

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்களைத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இணையத்தில் இலவசமாக டவுன்லோடு செய்யலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் மேலே சொன்ன அகராதி வேலையும் சேர்ந்தே முடியும். 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் யூடியூபில் கிடைக்கின்றன. வளைவரைகளை வரைந்து பார்க்க 'ஜியோஜீப்ரா' செயலி இலவசம். ஓர் எண்ணை மாற்றினால் பரவளையம் எப்படி விரிகிறது, சுருங்குகிறது என்று விரலாலேயே தள்ளிப் பார்க்கலாம். ஆங்கிலம் ஓரளவு வரும் என்றால், யூடியூபில் 'த்ரீ ப்ளூ ஒன் பிரவுன்' சேனலின் கால்குலஸ் வீடியோக்களைப் பாருங்கள். கணக்கைப் போட்டோ எடுத்தால் விடை சொல்லும் ஆப்கள் விஷயத்தில் மட்டும் ஒரு கண்டிஷன்: நீங்கள் ஒருமுறை முயன்ற பிறகுதான் அவற்றைத் திறக்க வேண்டும்.

பிளஸ் டூவுக்கு அப்புறம்?

மேத்ஸ் என்றால் இன்ஜினீயரிங் மட்டும்தான் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றிவிட்டது. சென்னை சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தில், நுழைவுத் தேர்வு எழுதி மேத்ஸும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்த பி.எஸ்ஸி ஹானர்ஸ் படிக்கலாம். இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கொல்கத்தாவில் புள்ளியியலுக்கும், பெங்களூரில் கணிதத்துக்கும் இளநிலைப் படிப்பு வைத்திருக்கிறது. ஐசர் நிறுவனங்களின் நுழைவுத் தேர்வில் நான்கில் ஒரு பங்கு மேத்ஸ். ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டும் என்றால் பிளஸ் டூவில் மேத்ஸ் தேவை. என்.டி.ஏ எழுதி கடற்படை, விமானப்படைக்குப் போகவும் மேத்ஸும் இயற்பியலும் வேண்டும். அந்தத் தேர்வின் மொத்த 900 மார்க்கில் 300 மேத்ஸுக்கு. பக்கத்து ஊர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி மேத்ஸ் அல்லது புள்ளியியல் படித்து, டீச்சர் வேலைக்கோ, வங்கித் தேர்வுக்கோ, டேட்டா வேலைக்கோ போகிறவர்களும் நிறைய.

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் படித்த ராமானுஜன் கதை எல்லோருக்கும் தெரியும். மேத்ஸில் மூழ்கி, மற்ற பாடங்களில் தேறாமல் கல்லூரி உதவித்தொகையை இழந்தவர் அவர். அவருக்கு ஹார்டிக்கு எழுதிய கடிதம் கைகொடுத்தது. நமக்கு அந்தப் பாதி பாதி இயற்பியல், வேதியியல் மார்க்குகளும் வேண்டும். மேத்ஸ் பிடிக்கும் என்பதற்காக மற்றதைக் கைவிட்டுவிடாதீர்கள்.

பிடிக்கவே இல்லைனா?

உண்மையாகவே முயன்றும் ஒட்டவில்லை என்றால், பிளஸ் ஒன் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே வகுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் பேசுங்கள். காலாண்டுத் தேர்வு தாண்டிவிட்டால் குரூப் மாற்றுவது சிரமம். ஒரு மாதத் தேர்வு மார்க்கை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு கணக்கோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டும்போது எரிச்சல் மட்டும்தான் வருகிறதா, இல்லை கொஞ்சம் ஆர்வமும் வருகிறதா என்று பாருங்கள். ஆர்வம் துளி இருந்தாலும் மார்க் பின்னால் வரும்.

மேத்ஸ் குரூப் எடுக்காததால் எதிர்காலமே போச்சு என்பதும் இல்லை. காமர்ஸ் படித்து சி.ஏ போகலாம். ஐ.ஐ.டி மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பி.எஸ் படிப்புக்குப் பிளஸ் டூவில் எந்த குரூப் என்றாலும் விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பில் மேத்ஸும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். ஜே.இ.இ தேவையில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 'பக்கத்து வீட்டுப் பையன் சென்டம்' என்ற ஒப்பீடு ஒரு மார்க்கைக்கூட ஏற்றாது. 'இன்னைக்கு எந்தக் கணக்கு போட்ட, எனக்கும் சொல்லேன்' என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் பிள்ளைக்கே முழுசாகப் புரியும்.

மார்க் குறைந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கலாம். மறுகூட்டல், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். தேறவில்லை என்றாலும், அதே வருடமே துணைத் தேர்வு எழுதிக் கல்லூரியில் சேர்ந்துவிடலாம். தேர்வு பயமோ, ரிசல்ட் பயமோ தாங்க முடியாத அளவுக்குப் போனால் 104 அல்லது 14416 எண்ணுக்கு அழைத்துப் பேசுங்கள். கட்டணம் இல்லை, யாரும் திட்டமாட்டார்கள்.

குரூப் ஃபார்மை நிரப்புவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள், மக்களே. பிளஸ் ஒன் மேத்ஸ் புத்தகத்தை டவுன்லோடு செய்து, முதல் பாடத்தின் முதல் பத்துப் பக்கங்களை நீங்களாகவே படித்துப் பாருங்கள். அத்தை சொன்னதும் எதிர்வீட்டு அண்ணன் சொன்னதும் அவரவர் அனுபவம். அந்தப் பத்துப் பக்கம் சொல்வதுதான் உங்கள் பதில்.